இழுவிசை: தறியில், தந்தியில், மனத்தில்

“ஒரே டென்ஷன்!” பரீட்சை அட்டவணை ஒட்டப்பட்ட நாளிலிருந்து பள்ளிக்கூடத்தில் மிகுதியாகக் காதில் விழும் சொல் இதுதான். மாணவருக்கு டென்ஷன், ஆசிரியருக்கு டென்ஷன், வீட்டிலே பெற்றோருக்கும் டென்ஷன். ‘நீட்டுதல்’ என்னும் பொருள் கொண்ட ஓர் இலத்தீன் சொல்லிலிருந்து வந்த சொல் இது. நம் இயற்பியல் பாடத்திலும் இதே சொல் உண்டு. அங்கே அதற்கு இழுவிசை என்று பெயர்.

கயிற்றில் உள்ள இழுவிசையும் மனத்தில் நாம் உணரும் இறுக்கமும் ஒன்றா? ஒன்றல்ல. கயிற்றில் இருப்பதை நியூட்டன் அலகில் அளந்துவிடலாம். மனத்தில் இருப்பதை அப்படி அளக்க முடியாது. ஆயினும் முதலாவதைச் சரியாகப் புரிந்துகொண்டால் இரண்டாவதைப் பற்றித் தெளிவாகச் சிந்திக்க வழி பிறக்கும். இதற்கு ஏற்ற ஆய்வுக்கூடம் ஒன்று உண்டு. கமண்டல நாகநதிக் கரையிலுள்ள ஆரணி நகரத்தின் பட்டுத் தறிதான் அது.

இழுவிசை எப்படித் தோன்றுகிறது?

தரையில் கிடக்கும் கயிற்றில் இழுவிசை இல்லை. அதன் ஒரு முனையை மட்டும் பிடித்து மெல்ல இழுத்தால் கயிறு உங்கள் பின்னே வந்துவிடும். அப்போதும் சொல்லத்தக்க இழுவிசை இல்லை. மறுமுனையை ஒருவர் விடாமல் பிடித்துக்கொண்டால்தான் கயிறு விறைக்கும். ஆக, இழுப்பவர் மட்டும் இருந்தால் போதாது; விட்டுக்கொடுக்காமல் பிடிப்பவரும் வேண்டும்.

இங்கே பலரும் ஒரு தவறு செய்வார்கள். சுவரில் கட்டிய கயிற்றை நீங்கள் 50 நியூட்டன் விசையுடன் இழுக்கிறீர்கள். நியூட்டனின் மூன்றாம் விதிப்படி சுவரும் 50 நியூட்டன் விசையுடன் எதிர்ப்பக்கம் இழுக்கிறது. அப்படியானால் கயிற்றின் இழுவிசை 100 நியூட்டனா? இல்லை, 50 நியூட்டன்தான். இலேசான கயிற்றின் நெடுகிலும், எந்த இடத்தில் அளந்தாலும், இழுவிசை அதே 50 நியூட்டன்.

எங்கும் ஒரே இழுவிசை என்றால் கயிறு ஏன் ஓரிடத்தில் மட்டும் அறுகிறது? விசையைக் குறுக்குவெட்டுப் பரப்பால் வகுத்தால் கிடைப்பது தகைவு. மெலிந்த இடத்தில் பரப்பு குறைவு. ஆகவே தகைவு அதிகம். கயிறு அங்கேதான் அறும். அந்த இடத்தை யாரும் தனியாகப் பிடித்து இழுக்கவில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

நீங்களே செய்து பாருங்கள்: ஒரு சாண் நீளமுள்ள தையல் நூல் துண்டுகள் பத்து எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு முடிச்சுப் போட்டு இரு முனைகளையும் மெல்ல இழுங்கள். எத்தனை நூல் முடிச்சருகே அறுந்தன என்று குறித்துக்கொள்ளுங்கள். முடிச்சில் நூல் கூர்மையாக வளைவதால் அங்கே தகைவு குவிகிறது. பெரும்பாலானவை அங்கேயே அறுவதைக் காண்பீர்கள்.

அறுபது கிலோ எடையுள்ள இழுப்பு

துணியில் நீளவாக்கில் ஓடும் நூல் பாவு. குறுக்கே ஓடுவது ஊடை. பாவு நூலைத் தறியில் ஏற்றுமுன் விடியற்காலையில் தெருவின் நீளத்துக்கு நீட்டிக் கட்டிக் கஞ்சி தோய்ப்பது நெசவாளர் ஊர்களின் வழக்கம். கஞ்சி இழைகளைச் சேர்த்துப் பிடித்து, தறியில் உராயும்போது அவை பிசிறாமல் காக்கும். வெயில் ஏறிவிட்டால் கஞ்சி விரைவில் காய்ந்து நூல் முறுகிவிடும். விடியலில் தொடங்குவதன் காரணம் இதுவே.

பாவு தறிக்கு வந்தபின் அதை இழுத்துக் கட்டுவார்கள். ஒரு சேலையின் அகலத்தில் 4000 இழைகள் எனவும், ஒவ்வோர் இழையும் 15 கிராம் எடைக்குச் சமமான இழுப்பில் இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். மொத்தம் 60 கிலோகிராம் எடை. அதாவது 588 நியூட்டன். வளர்ந்த ஓர் ஆள் அந்தப் பாவில் தொங்குவதற்குச் சமம்! ஆனால் 4000 இழைகள் பங்கு போட்டுக்கொள்வதால் எந்த இழைக்கும் அது பெரும் சுமையாவதில்லை.

இழுப்பே வேண்டாம் என்று பாவைத் தளர்த்திவிட்டால் என்ன ஆகும்? இழைகள் ஒன்றோடொன்று ஒட்டும்; நாடா ஓட வழி கிடைக்காது; துணி தொளதொளவென்று இருக்கும். அளவுக்கு மீறி இறுக்கினால் இழைகள் அறும். கரையில் ஓர் அளவும் உடலில் வேறோர் அளவும் இருந்தால் சேலை சுருங்கிக் கோணும். ஆக நல்ல நெசவுக்கு வேண்டியது இழுவிசை இல்லாத பாவு அன்று. அளவான, சமமான இழுவிசையுள்ள பாவு.

இருமடங்கு உயர்த்தினால் நான்கு மடங்கு!

நெசவாளர் மிதியை அழுத்துகிறார். விழுதுகளில் கோத்த இழைகளில் ஒரு பகுதி மேலேறுகிறது. நடுவே திறக்கும் வாய் வழியாக நாடா ஊடையைச் சுமந்துகொண்டு ஓடுகிறது. அச்சு அதைத் தட்டி இறுக்குகிறது. மேலேறிய இழைக்கு என்ன நேர்ந்தது?

கணக்கை எளிதாக்கிக்கொள்வோம். இரு முனைகளுக்கும் இடையே 100 செ.மீ.; சரியாக நடுவில் 5 செ.மீ. உயர்த்துகிறோம். இழை இப்போது ஒரு முக்கோணத்தின் இரு பக்கங்களாகிவிட்டது. பிதாகரஸ் தேற்றப்படி ஒரு பக்கத்தின் நீளம், 50-இன் வர்க்கத்தையும் 5-இன் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் வரும், அதாவது 50.25 செ.மீ. நீட்சி அரை சதவீதம். இதுவே திரிபு.

பட்டின் யங் குணகம் ஏறத்தாழ சதுர மீட்டருக்கு 1000 கோடி நியூட்டன். அதை அரை சதவீதத்தால் பெருக்கினால் தகைவு 5 கோடி. பட்டு அறும் தகைவு ஏறத்தாழ 50 கோடி. அதாவது ஒரு மிதிப்பில், அறுக்கும் தகைவில் பத்தில் ஒரு பங்கு இழையின் மேல் கூடுதலாக ஏறுகிறது. மிதியை விட்டதும் இறங்குகிறது. ஒரு சேலை முடிவதற்குள் இது பல்லாயிரம் முறை நிகழும்.

இப்போது 5-க்குப் பதில் 10 செ.மீ. உயர்த்திப் பாருங்கள். பக்கத்தின் நீளம் 50.99 செ.மீ.; நீட்சி ஏறத்தாழ 2 சதவீதம். உயரம் இருமடங்கானதும் நீட்சி நான்கு மடங்காகிவிட்டது! இந்த அளவுக்கு நீண்ட பட்டு பழைய நீளத்துக்கு முழுமையாகத் திரும்பாது. ஹூக் 1678-இல் வெளியிட்ட மீட்சி விதியின் எல்லைக்கு வந்துவிட்டோம். “இன்னும் கொஞ்சம்தானே” என்பது எப்போதும் கொஞ்சமாகவே இருந்துவிடுவதில்லை.

காலமும் கணக்கில் சேரும். சிறிய இழுப்பிலும் நெடுநேரம் இருந்தால் இழை மெல்ல மெல்ல நீண்டு வலுவிழக்கும். வேலை நின்றிருக்கும்போது பாவைச் சற்றுத் தளர்த்தி வைப்பது நல்ல பழக்கம் எனச் சொல்வதன் காரணம் இதுதான்.

தந்தி தரும் சான்று

வீணையின் பிரடையை முறுக்கும்போதும் இழுவிசையைத்தான் கூட்டுகிறோம். தந்தியின் அதிர்வெண் இழுவிசையின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பதைப் பிரெஞ்சுத் துறவி மெர்சென் 1636-இல் எழுதினார். அதே தந்தி ஒரு ஸ்தாயி மேலே, அதாவது இருமடங்கு அதிர்வெண்ணில், ஒலிக்க வேண்டுமானால் இழுவிசை நான்கு மடங்காக வேண்டும். தொய்ந்த தந்தியில் இசை இல்லை. அறுந்த தந்தியிலும் இல்லை.

உடலும் மனமும்

இனி மனத்துக்கு வருவோம். “படி” என்று ஒரு பக்கம் இழுக்கிறது, “இது நம்மால் ஆகுமா?” என்னும் ஐயம் மறுபக்கம் பிடித்துக்கொள்கிறது. இரண்டும் இருப்பதால்தான் இறுக்கம். எதிர்பார்ப்பு இல்லாதவருக்குப் பரீட்சை பயம் இல்லை. ஐயம் இல்லாதவருக்கும் இல்லை.

இந்த இறுக்கம் உடலில் வேலை செய்கிறது. அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாகத் துடிக்கிறது, கல்லீரல் சர்க்கரையை இரத்தத்தில் சேர்க்கிறது. ஆபத்தில் போரிடவோ ஓடவோ உடல் செய்துகொள்ளும் ஆயத்தம் இது என்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வால்டர் கேனன் 1915-இல் விளக்கினார்.

அது நீடித்தால்? மான்ட்ரியல் நகரில் ஆய்வு செய்த ஹான்ஸ் செல்யே, 1936-இல் எலிகளைக் கடுங்குளிர், காயம், மிகையான உழைப்பு எனப் பலவகைத் தொல்லைகளுக்கு உட்படுத்தினார். தொல்லை எதுவானாலும் விளைவு ஒன்றுபோலவே இருந்தது: முதலில் அதிர்ச்சி, பிறகு தாக்குப்பிடித்தல், இறுதியில் களைப்பு. எலிகளின் வயிற்றில் புண்களும் காணப்பட்டன. பின்னர் அவர் இயற்பியலிலிருந்து ‘தகைவு’ என்னும் சொல்லைக் கடன் வாங்கிப் பயன்படுத்தினார். சரியாகச் சொல்வதானால் ‘திரிபு’ என்றே சொல்லியிருக்க வேண்டும் எனப் பிற்காலத்தில் அவரே ஒப்புக்கொண்டார். வெளியிலிருந்து வருவது தகைவு. உள்ளே நேரும் மாறுதல் திரிபு அல்லவா?

உங்களுக்கு மிகவும் வேண்டிய ஆய்வு 1908-இல் யெர்க்ஸ், டாட்சன் என்னும் இருவர் செய்தது. சுண்டெலிகளுக்கு இரண்டு பெட்டிகளை வேறுபடுத்தி அறியக் கற்பித்தார்கள். தவறினால் சிறு மின்னதிர்ச்சி. வேறுபாடு எளிதாகத் தெரிந்தபோது அதிர்ச்சி கூடக் கூட விரைவாகக் கற்றன. வேறுபாடு நுட்பமாக இருந்தபோதோ நடுத்தர அதிர்ச்சியில்தான் நன்றாகக் கற்றன. அதற்கு மேல் போனால் தடுமாறின. சுண்டெலிக்குக் கிடைத்த முடிவு மனிதருக்கு அப்படியே பொருந்திவிடாது. எனினும் கடினமான கணக்கின் முன் மிகுந்த பதற்றம் உதவாது என்பதை நீங்களே அனுபவத்தில் அறிவீர்கள்.

ஊரைத் தாங்கும் இழை

பிழைப்பிலும் இழுவிசை உண்டு. பட்டு நூலின் விலை ஏறினால் ஒரு முனை இழுக்கிறது. கடையில் சேலை விலையைக் கூட்ட முடியாத நிலை மறுமுனையைப் பிடித்துக்கொள்கிறது. நடுவே இருப்பது நெசவுக் கூலி. விசைத்தறியின் போட்டி இன்னொரு பக்கம். இதனால்தான் கரை வைத்த பட்டுச் சேலை போன்ற சில ரகங்களைக் கைத்தறிக்கே ஒதுக்கி 1985-இல் சட்டம் வந்தது; 1993-இல் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது.

விலை எங்கோ ஒரு சந்தையில் ஏறுகிறது. ஆனால் அறுவது மெலிந்த இடத்தில். சேமிப்பு இல்லாத வீட்டில் ஒரு பிள்ளையின் படிப்பு நின்றுபோவது அப்படித்தான். அந்தப் பிள்ளை மீது தனியாக யாருக்கும் பகை இல்லை. இழை அங்கே மெலிந்திருந்தது, அவ்வளவே.

ஆனால் ஒப்புமை விதியாகிவிடாது. நூலுக்கு வாய் இல்லை, மனிதருக்கு உண்டு. இழுப்பைப் பலர் பங்கிட்டுக்கொள்ளலாம் என்பதே கூட்டுறவுச் சங்கங்களின் அடிப்படை. 1935-இல் தொடங்கப்பட்ட கோ-ஆப்டெக்ஸ் அதற்கு ஒரு சான்று. தறியில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் தறியை நிறுத்தி அதைப் பிணைத்த பிறகே மேலே நெய்கிறார். விட்டுவிட்டு நெய்தால் அந்தக் கோடு சேலை முழுவதும் ஓடும் என்பது அவருக்குத் தெரியும்.

ஆகவே, மாணவ நண்பர்களே, டென்ஷனே கூடாது என்று யாரேனும் சொன்னால் தறியை நினைத்துப் பாருங்கள். அளவறிந்து இறுக்குங்கள். இரவில் தளர்த்துங்கள், உறக்கம் வீண் செலவன்று. தனியாகத் தாங்க முடியாததை ஆசிரியரிடமோ வீட்டாரிடமோ சொல்லிப் பங்கிட்டுக்கொள்ளுங்கள். உங்கள் வகுப்பில் யாருடைய இழை மெலிந்திருக்கிறது என்றும் கவனியுங்கள்.

சிந்திக்க:

1. மேலே சொன்ன இழையை நடுவில் 15 செ.மீ. உயர்த்தினால் நீட்சி எத்தனை சதவீதம்? 5 செ.மீ. உயர்த்தியபோது இருந்ததைப் போல் ஏறத்தாழ எத்தனை மடங்கு?

2. துணி உலர்த்தும் கொடியை எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும், நடுவில் ஈரத் துணியைப் போட்டதும் அது தொய்வது ஏன்? கொடி சற்றும் தொய்யாமல் இருக்க எவ்வளவு இழுவிசை வேண்டும்?