மாஸ்டர் வீட்டுக்குப் போகும் வழி

திருப்பூரில் சொந்தமாகப் பனியன் கம்பெனி நடத்துகிறவரிடம், எப்படி முன்னுக்கு வந்தீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் ‘உழைப்புங்க’ என்ற ஒரே சொல்லில் விடை கிடைத்துவிடும். இவ்வூரை ஆராய்ந்து 2004-இல் ஒரு பெரிய நூல் வெளியிட்ட ஷரத் சாரி என்னும் புவியியல் அறிஞர், விவசாயக் குடும்பங்களிலிருந்து கூலிக்கு வந்து பிற்பாடு முதலாளிகளானவர்கள் தங்கள் உயர்வுக்கெல்லாம் காரணமாகத் தம் உழைப்பையே சொல்லிக்கொண்டதைத்தான் அந்நூலின் மையமாக வைத்தார். அந்த விடை பொய்யன்று. ஆயினும், ஓவர்லாக் மிஷின் முன் முதல் நாள் கை நடுங்க உட்கார்ந்த நமக்கு, துணியை இழுக்காமல் போகவிடக் கற்றுக்கொடுத்த மனிதர் அந்த ஒரு சொல்லுக்குள் அகப்படாமல் நழுவிவிடுகிறார். அவரைத் தேடிச் சென்று நன்றி சொல்வதற்கும் ஒரு கிரமம் உண்டு.

முதலில் ஒரு ஜாபிதா எழுதிக்கொள்ள வேண்டும். ஞாபகத்தை வருத்த வேண்டியதில்லை. ஒரு பனியன் போகும் வழியே போனால் போதும். நூல் கடை, நிட்டிங், சாயப்பட்டறை, கட்டிங் மேஜை, பவர் டேபிள், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று ஒரே பனியன் பல கூரைகளின் கீழ் புகுந்து புறப்படுகிற ஊர் இது. ஆகையால் ஒவ்வொரு கூரையின் கீழும் சற்று நின்று, ‘இங்கே எனக்கு உபகாரம் செய்தவர் யார்?’ என்று கேட்டுக்கொண்டால் பெயர்கள் தாமாக வரும். கடனுக்கு நூல் கொடுத்த வியாபாரியும் முதல் ஆர்டரை நம்பிக் கொடுத்த எக்ஸ்போர்ட்டரும் அழைக்காமலே வந்து நிற்பார்கள். நாம் டெய்லருக்கு உதவும் கைமடியாக இருந்த காலத்தில், கோணலாய்ப் போன பீஸ்களைச் சூப்பர்வைசர் கண்ணில் படுமுன் ஒதுக்கிவைத்து, பிரித்துத் தைக்க அவகாசம் கொடுத்த செக்கிங் அக்கா அப்படி வரமாட்டார். அவரை உத்தேசித்தே இந்த ஜாபிதாவை எழுதச் சொல்கிறேன். பெரிய மனிதர்களுக்கு நன்றி சொல்வதில் நாளைக்கும் லாபம் இருப்பதால் அதை யாரும் மறப்பதில்லை.

இரண்டாவதாக, ஒவ்வொரு பெயருக்கும் நேரே அவர் செய்த காரியம் ஒன்றை, ஒன்றே ஒன்றை, எழுத வேண்டும். ‘எனக்கு எல்லாம் அவர்தான்’ என்று எழுதினால் ஒன்றும் எழுதாததற்குச் சமானம். இதற்கு உ. வே. சாமிநாதையரைவிடச் சிறந்த திருஷ்டாந்தம் எனக்குத் தெரியவில்லை. தமிழ் கற்பித்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876-இல் மறைந்தார். மாணாக்கரோ அரை நூற்றாண்டுக்கு மேல் கழித்து, 1933, 1934 ஆகிய ஆண்டுகளில், ஆசிரியரின் சரித்திரத்தை இரண்டு பாகங்களாக வெளியிட்டார். கும்பகோணம் காலேஜில் தாம் வகித்த தமிழ்ப் பண்டிதர் பதவி 1880-இல் ஐயருக்குக் கிடைக்கும்படி செய்தவர் தியாகராச செட்டியார்; அவர் பெயர் திருவல்லிக்கேணியில் ஐயர் வாழ்ந்த வீட்டுக்குத் ‘தியாகராஜ விலாசம்’ என்று அமைந்தது. அதே ஆண்டில் சேலம் இராமசுவாமி முதலியார், சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்ட ஒரு கேள்வியே 1887-இல் அந்நூல் அச்சேறுவதற்கு வித்தாயிற்று; அந்தச் சந்திப்பை ஐயர் தம் சுயசரிதத்தில் விஸ்தாரமாக எழுதிவைத்தார். கல்வி கொடுத்தவருக்கு நூல், உத்தியோகம் கொடுத்தவருக்கு வீட்டின் பெயர், கேள்வி கேட்டவருக்கு அக்கேள்வியையே மறவாமல் எழுதிவைத்தது. உபகாரத்தின் ஜாதி தெரிந்தால் கைம்மாறு எதுவென்பதும் தெரிந்துவிடுகிறது.

அடுத்து, பாக்கியைத் தீர்த்துவிட வேண்டும். ஜாபிதாவில் உள்ள ஒருவருக்கு ஜாப் ஒர்க் பில் நிலுவை வைத்துக்கொண்டு சால்வையோடு போய் நிற்பது அழகன்று. அவர் பார்வை சால்வையின் மேல் இருக்காது.

நாள் பார்ப்பதும் அவசியம். சனிக்கிழமை மாலை சம்பளம் போடும் நேரம். ஷிப்மெண்ட் வாரத்தில் எவரும் தலை நிமிர்வதில்லை. ஞாயிறு முற்பகல், அவர் வீட்டில், நாம் மாத்திரம் போவது உத்தமம். ஆயுத பூஜையன்று கம்பெனிக்கு வரவழைத்து, மிஷின்களுக்குப் பொட்டு வைத்த கையோடு அவரையும் கௌரவிக்கலாம் என்பார் உண்டு. கூட்டத்துக்கு நடுவே பழைய டெய்லர் ஒருவரை மேடையேற்றினால் அவர் நம் பெருமைக்குச் சாட்சியாகத்தான் நிற்பார் என்பது என் அபிப்பிராயம். ஒடிசாவுக்கோ பீகாருக்கோ திரும்பிவிட்ட தோழர்களுக்குப் போன் போதும்; இந்தி தெரிந்த பையன் ஒருவனைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

என்ன பேசுவது? பிரசங்கம் வேண்டாம். கட்டிங் மாஸ்டரானால், ‘ஏனுங்க மாஸ்டர், லே போடறப்போ துணியை ஒரு ராத்திரி விரிச்சு ஆறவிட்டுட்டு அப்புறம் வெட்டுன்னு சொன்னீங்களே, இன்னிக்கும் எங்க கம்பெனியில அப்படித்தானுங்க’ என்று சொன்னால், நிட்டிங் துணி தளர்ந்து சுருங்கும் சுபாவம் அறிந்த அம்மனிதருக்குத் தம் வித்தை நம்மிடம் ஜீவித்திருப்பது ஒரு க்ஷணத்தில் விளங்கிவிடும். ‘நன்றி’ என்ற சொல்லை அதற்குப் பிறகு சொன்னாலும் சரி, விட்டாலும் சரி.

கொடுக்கும் பொருள் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை: நம் கம்பெனியில் மிஞ்சிய எக்ஸ்போர்ட் டீ-ஷர்ட்டுகளைக் கட்டிக்கொண்டு போகாதீர்கள். ஆயுள் முழுவதும் தைத்தவருக்கு, தள்ளிய பீஸ் எது என்று தொடாமலே தெரியும். அவருக்கு வைத்தியச் செலவு இருப்பதாகக் கேள்விப்பட்டால், பணத்தை மகனிடமோ மகளிடமோ தனியாகச் சேர்ப்பிக்கலாம். அடித்தும் வைதும் கற்பித்தவரானால், அடியை மன்னித்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டியதில்லை; கற்றதற்கு மட்டும் நன்றி சொல்லித் திரும்பலாம். அவர் காலமாகியிருந்தால், பிள்ளைகளிடம் அந்த ஒரு காரியத்தைச் சொல்லுங்கள். தகப்பனார் வேலையில் எப்படிப்பட்டவர் என்பதை அவர்கள் கேட்டிருக்கவே மாட்டார்கள்.

கடைசியாக ஒரு சங்கடம். அவர் நம்மை அடையாளம் தெரியாமல் விழிக்கலாம். அப்போது பெயரைச் சொல்லிப் பயனில்லை, வருஷத்தைச் சொல்லுங்கள். பஞ்சப்படி கேட்டு 127 நாள் நடந்த 1984-ஆம் வருஷத்து ஸ்ட்ரைக்குக்கு முன்னா பின்னா, 2011-இல் ஹைகோர்ட் உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடிக் கிடந்த சமயமா, எந்தக் கம்பெனி, எந்த வரிசையில் எத்தனையாவது மிஷின் என்று சொன்னால் பலருக்கு முகம் மலரும். அப்படியும் நினைவு வராவிட்டால் வற்புறுத்தாமல், அந்த வீட்டு அம்மாள் கொடுக்கும் காப்பியைக் குடித்துவிட்டு, வந்த காரியத்தை ஒரு தரம் சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள்.