இளைப்பா? அசதியா? சோர்வா?



ஜெபத்துக்கு வருகிறவர்களிடம் நான் அடிக்கடி கேட்கிற வார்த்தை, "பாஸ்டர், ஒரே அசதியா இருக்கு" என்பதே. இதை ஆங்கிலத்தில் 'ஃபட்டீக்' என்பார்கள். லத்தீனில் பிறந்து பிரெஞ்சு வழியாய் வந்த சொல் அது. உடம்பு ஓய்ந்தாலும் மனசு ஓய்ந்தாலும் அதையே சொல்லிவிடலாம். நம்முடைய தமிழ் வேதாகமமோ பிரித்துப் பிரித்துச் சொல்லுகிறது. கவனியுங்கள்.

1. இளைப்பு: வேலையாலும் வழிநடையாலும் வருவது. யோவான் 4:6-ல் ஆண்டவரே இளைப்படைந்து கிணற்றருகே உட்கார்ந்தார். ஆகவே இளைப்பு பாவமல்ல. அது ஆறுவதுதான் இளைப்பாறுதல்.

2. அசதி: யாத்திராகமம் 17:12-ல் மோசேயின் கைகள் அசந்துபோயின. யுத்தத்துக்காகக் கையை உயர்த்தி நின்றவருக்கே அசதி! ஆரோனும் ஊரும் இருபக்கமும் தாங்கினார்கள். அசதிக்கு வேண்டியது புத்திமதி அல்ல, தாங்குகிற கை.

3. விடாய்: களைப்போடு தாகமும் சேர்ந்தது. சித்திரை வெயிலில் நம்ம ஆலங்குடிப் பக்கம் கடலைக்காட்டில் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விடாய்த்த ஆத்துமாவைப்பற்றி எரேமியா 31:25 பேசுகிறது.

4. சோர்வு: இது உள்ளத்தையும் பிடிக்கும். கலாத்தியர் 6:9 எச்சரிப்பது, நன்மை செய்வதிலேயே வருகிற சோர்வை. ஏசாயா 40:31-ஐப் பாருங்கள்: ஓட்டத்தோடு இளைப்பும், நடையோடு சோர்வும் சொல்லப்பட்டிருக்கின்றன. ஓட்டம் கொஞ்ச நேரம், நடையோ தினந்தினம். வருஷக்கணக்காய் ஒரே பாரத்தைச் சுமக்கிறவர்களுக்குத்தான் சோர்வு வருகிறது.

1 இராஜாக்கள் 19-ல் எலியா சாவையே கேட்டான். தேவன் உடனே கடிந்துகொண்டாரா? இல்லை. தூங்கவிட்டார், அடையும் தண்ணீரும் இரண்டு தரம் கொடுத்தார். பேச்சு அதற்குப் பிறகுதான்.

நாமோ, ஒரு சகோதரி இரண்டு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு வராவிட்டால், "பின்மாற்றம்" என்று சொல்லிவிடுகிறோம். 2019-21-ல் எடுத்த தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை இருந்தது. படி ஏறினால் மூச்சு வாங்கும், தலை சுற்றும், எதிலும் மனசு ஒட்டாது. அவர்களுக்காக ஜெபியுங்கள், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் கூட்டிக்கொண்டு போய் இரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் விசுவாசத்துக்கு விரோதமல்ல.

பிரியமானவர்களே, "ஏன் வரலை?" என்று கேட்குமுன், "சாப்பிட்டீங்களாக்கா? தூங்குனீங்களா?" என்று கேட்போம். எந்தக் களைப்பு என்று தெரிந்தால்தான், எந்தப் பக்கம் கைகொடுப்பது என்று தெரியும். கர்த்தர்தாமே உங்களைப் பெலப்படுத்துவாராக. ஆமென்.