மின்சாரக் கார்களும் நியாயமான போட்டியும்

ஓட்டப் பந்தயத்தில் எல்லோரும் ஒரே கோட்டில் நிற்க, ஒருத்தி மட்டும் பத்து மீட்டர் முன்னே நின்று ஓடி முதலிடம் பெற்றால், அதை நாம் வெற்றி என்று ஒப்புக்கொள்வோமா? நாடுகளின் வாணிபத்திலும் இக்கேள்வி எழுவதுண்டு. அண்மைக் காலத்தில் மின்சாரக் கார்களைப் பற்றி எழுந்த வழக்கு இதற்கு நல்ல உதாரணமாகும்.

சீனாவில் தயாரான மின்சாரக் கார்கள் குறைந்த விலையில் ஐரோப்பாவுக்கு வந்தன. ஐரோப்பிய ஆணையம் 2023 அக்டோபரில் விசாரணை தொடங்கியது. மலிவான கடன், சலுகை விலையில் நிலம், வரிக் குறைப்பு ஆகியவற்றால் சீன அரசு அக்கம்பெனிகளுக்கு உதவியதென அது முடிவு செய்தது. இத்தகைய உதவியே மானியம் எனப்படும்.

மானியத்தால் கிடைத்த ஆதாயத்தைச் சமன் செய்ய விதிப்பது ஈடுசெய் வரி. உலக வர்த்தக அமைப்பின் விதிகள் இதை அனுமதிக்கின்றன. ஆனால் வரி, மானியத்தின் அளவை மீறலாகாது. எனவே 2024 அக்டோபர் இறுதியில் ஐரோப்பிய ஒன்றியம் கம்பெனிக்குக் கம்பெனி வெவ்வேறு வரி விதித்தது. சீனாவில் கார் செய்யும் அமெரிக்கக் கம்பெனியான டெஸ்லாவுக்கு 7.8 சதவீதம், பி.ஒய்.டி.க்கு 17, எஸ்.ஏ.ஐ.சி.க்கு 35.3. வழக்கமான 10 சதவீத இறக்குமதி வரி இவற்றுக்கு மேல் தனி. பி.ஒய்.டி.யின் 10,000 யூரோ காருக்கு மொத்த வரி 2,700 யூரோ ஆயிற்று.

அமெரிக்காவோ அதே ஆண்டில் சீன மின்சாரக் கார்களுக்கான கூடுதல் வரியை 25லிருந்து 100 சதவீதமாக்கியது. 10,000 டாலர் காருக்கு இவ்வரி மட்டும் 10,000 டாலர்! முன்னது, முந்தி நின்றவளைக் கோட்டுக்கு அழைத்து வருவது. பின்னது, அவளை மைதானத்துக்குள்ளேயே விடாதிருப்பது.

ஐரோப்பாவிலும் ஒருமித்த கருத்தில்லை. 10 நாடுகள் வரியை ஆதரித்தன, 5 எதிர்த்தன, 12 வாக்களிக்கவில்லை. எதிர்த்தவற்றுள் ஜெர்மனியும் ஒன்று. அந்நாட்டுக் கார்களுக்குச் சீனா பெரிய சந்தையன்றோ!

வரியால் உள்நாட்டுத் தொழிலாளியின் வேலைக்குப் பாதுகாப்புக் கிடைக்கலாம். ஆனால் கார் வாங்குவோர் அதிக விலை கொடுக்கின்றனர். புகையில்லாத வண்டிகள் பரவுவதும் தாமதமாகிறது. போட்டியே இல்லாத தொழில் மெத்தனத்தில் மூழ்கும் என்பதையும் மறத்தலாகாது.

ஆகவே அநீதியை அளந்து, அந்த அளவுக்கே, காலவரையறையுடன் விதிக்கும் வரியே நியாயமானது என்பது எம் கருத்து. அளவின்றி எழுப்பும் சுவர், பிறர் செய்த அநீதிக்குப் பதிலாக நாம் செய்யும் அநீதியாகிவிடும்.