அற்ககோல் மாக்கரும் கடதாசிக் கைவேலையும்



வாழ்த்து அட்டை, கடதாசிப் பூ, பரிசுப் பெட்டி போன்றவற்றை நேர்த்தியாக வெட்டி ஒட்டும் மாணவர்கள் பலர், இறுதியில் நிறந்தீட்டும்போதே ஆக்கத்தைப் பழுதாக்கி விடுகின்றனர். என்னிடம் கற்ற மாணவி ஒருவர் இரண்டு நாள் உழைத்து வாழ்த்து அட்டையொன்றைச் செய்தார். முகப்பில் வரைந்த செவ்வரத்தம் பூவுக்கு அற்ககோல் மாக்கரால் சிவப்புத் தீட்டினார். உள்ளே அழகாக எழுதியிருந்த வாசகத்தின் மேல் அந்தச் சிவப்பு ஊறி வந்துவிட்டது. மறுநாள் ஒப்படைக்க வேண்டிய வேலை அது. அவரிடம் கைத்திறன் குறைவாக இருக்கவில்லை. அந்த மை கடதாசியில் எவ்வாறு செயற்படும் என்பதை நான்தான் முன்கூட்டியே சொல்லிக்கொடுக்கவில்லை. அத்தவறு உங்களுக்கும் நேராதிருக்கவே இப்பாடம்.

1. மையில் அடங்குபவை

அற்ககோல் மாக்கரின் மையில் பிரதானமாக இரண்டு பொருள்கள் உள்ளன.

(அ) சாயம்: நிறத்தைத் தருவது. கரைப்பானில் முற்றாகக் கரைந்திருக்கும்.
(ஆ) கரைப்பான்: சாயத்தைக் கரைத்துக் கடதாசிக்குள் கொண்டு செல்வது. பெரும்பாலும் எதனோல் அல்லது அதையொத்த வேறோர் அற்ககோல்.

பேனையின் நுனி நுண்ணிய நார்களாலோ துளைகளுள்ள பொருளாலோ ஆனது. அந்நுண்ணிய இடைவெளிகளின் ஊடாக மை தானாகவே நகர்ந்து வருகின்றது. விஞ்ஞான பாடத்தில் நீங்கள் கற்ற மயிர்த்துளைத் தன்மையே இதற்குக் காரணம். கடதாசியின் நார்களுக்கிடையே மை பரவுவதும் இதே காரணத்தாலேயே.

2. நீர் மையும் அற்ககோல் மையும்

கடதாசி செலுலோசு நார்களால் ஆனது. நீர் இந்நார்களுக்குள் புகுந்து அவற்றை வீங்கச் செய்யும். ஆகவே நீர் மைப் பேனையால் ஒரே இடத்தில் பலமுறை தேய்த்தால் கடதாசி நெளியும். மேற்பரப்பு உரிந்து சிறு உருண்டைகளாகத் திரளும். அற்ககோல் நார்களை அந்தளவுக்கு வீங்கச் செய்வதில்லை. ஆகவே கடதாசி பெரிதும் நெளியாமல் தட்டையாகவே இருக்கும்.

எதனோலின் கொதிநிலை ஏறத்தாழ 78 பாகை செல்சியஸ். நீரினது 100 பாகை. எதனோல் நீரைவிட விரைவாக ஆவியாவதால் மை விரைவில் உலர்கின்றது. உலர்ந்த சாயத்தின் மேல் மீண்டும் அற்ககோல் பட்டால் சாயம் மறுபடி கரையும். இரண்டு நிறங்களை எல்லைக் கோடு தெரியாமல் கலக்க முடிவது இதனாலேயே.

3. கடதாசியைத் தெரிவு செய்தல்

● அப்பியாசக் கொப்பித் தாளும் சதுர மீற்றருக்கு 80 கிராம் நிறையுள்ள நிழற்பிரதித் தாளும் மையை மறுபுறம் ஊறவிடும்.
● ஒப்பமான, வெண்ணிறமான, தடித்த அட்டை உகந்தது. பிறிஸ்டல் போட் போன்றவற்றைப் பயன்படுத்தலாம்.
● சொரசொரப்பான நீர்வர்ணத் தாள் அதிக மையை உறிஞ்சுவதுடன் பேனையின் நுனியையும் தேய்த்துவிடும்.
● இம்மை ஒளிபுகவிடும் தன்மையுடையது. நிற அட்டையின் மேல் இளநிறம் தெரியாது.

தடித்த அட்டையிலும் மை ஊறக்கூடும். ஆகவே முகப்புப் படத்தை வேறோர் அட்டையில் வரைந்து, தீட்டி, வெட்டி எடுத்து ஒட்டுவதே பாதுகாப்பானது. மேற்கூறிய மாணவி இவ்வாறு செய்திருந்தால் வாசகம் தப்பியிருக்கும்.

4. தீட்டும் ஒழுங்கு (உதாரணம்: செவ்வரத்தம் பூ)

படி 1: தீட்டும் அட்டையின் கீழ் கழிவுத் தாள் ஒன்றை விரிக்கவும்.
படி 2: அற்ககோலில் கரையாத மையால் எல்லைக் கோடு வரைந்து நன்கு உலரவிடவும். 1987 இல் யப்பானில் அறிமுகமான கொப்பிக் மாக்கர்கள், நிழற்பிரதியின் கறுப்புத் தூளைக் கரைக்காதவாறு தயாரிக்கப்பட்டவை. எல்லா மாக்கர்களும் அவ்வாறானவை அல்ல. எனவே வெட்டி எஞ்சிய துண்டொன்றில் முதலில் சோதிக்கவும்.
படி 3: ஓர் இதழை மட்டும் எடுத்து, இளஞ்சிவப்பால் முழுவதையும் நிரப்பவும். ஒளிபடும் இடத்தை வெறுமையாக விடவும். கோட்டுக்குச் சற்று உள்ளேயே நிறுத்தவும். மை தானாகவே கோடுவரை பரவும்.
படி 4: ஈரம் காயுமுன் நடுத்தரச் சிவப்பை இதழின் அடியிலிருந்து பாதிவரை தீட்டவும்.
படி 5: கடுஞ்சிவப்பை அடிப்பகுதியில் மாத்திரம் இடவும்.
படி 6: நிறங்கள் சேரும் எல்லைகளை இளஞ்சிவப்பால் மீண்டும் மென்மையாகத் தடவவும். அதன் பின்னரே அடுத்த இதழுக்குச் செல்லவும்.
படி 7: முற்றாக உலர்ந்த பின் வெட்டி ஒட்டவும். பசை பட்ட இடத்தில் மை சீராக ஊறாது; ஆகவே ஒட்டிய பின் தீட்ட வேண்டாம்.

ஈரமாக இருக்கும்போது நிறம் கடுமையாகத் தோன்றும். உலர்ந்ததும் சற்று வெளிறும். அவசரப்பட்டு மேலும் மேலும் தீட்டாதீர்கள்.

5. செலவைக் குறைத்தல்

பெரிய பேனைத் தொகுதி இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். ஒரே நிறத்தின் இளம், நடுத்தர, கடும் சாயல்கள் மூன்று இருந்தால் ஒரு பூவுக்குப் போதும். நண்பர்கள் மூவர் ஆளுக்கொரு நிறத்தை வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம். பயன்படுத்திய உடனே மூடியை இறுக மூடுங்கள். திறந்து வைத்தால் வீணாகுவது உங்கள் பணமே.

6. பாதுகாப்பு

● அற்ககோல் எளிதில் தீப்பற்றும். மின்தடை வேளையில் மெழுகுதிரிக்கோ விளக்குக்கோ அருகில் இவ்வேலையைச் செய்யாதீர்கள்.
● யன்னலைத் திறந்து வைத்து, காற்றோட்டமுள்ள இடத்தில் தீட்டுங்கள்.
● சாயம் வெயிலில் மங்கும். முடித்த ஆக்கத்தை நேரடிச் சூரியஒளி படாதவாறு வையுங்கள்.

7. மாதிரி வினாக்கள்

வினா 1: அற்ககோல் மாக்கரால் தீட்டிய கடதாசி பெரிதும் நெளியாதது ஏன்?
விடை: அற்ககோல் நீரைப் போல செலுலோசு நார்களை வீங்கச் செய்யாமையாலும் விரைவாக ஆவியாவதாலும் ஆகும்.

வினா 2: பெரிய பரப்பொன்றைத் தீட்டிய மாணவன் இடையிடையே கடுங்கோடுகளைக் கண்டான். காரணமும் பரிகாரமும் தருக.
விடை: முதற் பகுதி உலர்ந்த பின் அடுத்ததைத் தீட்டியதால், ஒன்றன்மேல் ஒன்று படிந்த இடங்களில் சாயம் கூடியுள்ளது. ஈரமான ஓரத்திலிருந்தே தொடர்ந்து, இடைவிடாது தீட்ட வேண்டும்.

வினா 3: மஞ்சள் அட்டையில் நீல மாக்கரால் தீட்டினால் எந்நிறம் தோன்றும்? ஏன்?
விடை: பச்சை சார்ந்த நிறம். மை ஒளிபுகவிடுவதால் அடியிலுள்ள மஞ்சளும் சேர்ந்து தெரியும்.

நினைவிற் கொள்க: இளநிறம் முதலில், கடுநிறம் பின்னர், தீட்டுதல் முதலில், ஒட்டுதல் பின்னர், எல்லாவற்றுக்கும் முன்னர், துண்டொன்றில் சோதனை.

அந்த மாணவி அன்றிரவே புதிய அட்டையில் பூவைத் தீட்டி, வெட்டி, ஒட்டி மறுநாள் ஒப்படைத்தார். நீங்கள் அந்த இரவை மிச்சப்படுத்திக் கொள்ளுங்கள். மூடியைத் திறக்குமுன் கடதாசியைத் திருப்பிப் பாருங்கள்.