மழைக்கால மோட்டார் பிரயாணம்

நம் செரண்டாவில் பனி கிடையாது, மழைதான் சோதனை. 2021 டிசம்பர் 18ல் சிலாங்கூரில் பெய்த பெருமழையில், ஷா ஆலாம் பக்கம் ஏராளமான வாகனங்கள் சாலையிலேயே வெள்ளத்தில் சிக்கின.

ஆகவே சரக்கேற்றிப் புறப்படுமுன் டயர், பிரேக், வைப்பர், விளக்கு ஆகியவற்றைப் பார்த்துவிட வேண்டும். டார்ச், குடிநீர், மருந்து, பக்கக் கண்ணாடியை உடைக்கச் சிறு சுத்தியல் ஆகியவை கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

ஓரடி வெள்ளம் சிறிய காரை மிதக்க வைக்கும்; இரண்டடி ஓட்டம் பெரிய வண்டியையும் இழுத்துவிடும். ஆழம் தெரியாத நீரில் வண்டியை இறக்கலாகாது. நீரில் நின்றுவிட்ட இஞ்சினை மீண்டும் முடுக்கினால், உள்ளே நீர் புகுந்து அது பாழாகும். கதவு திறக்கும்போதே வெளியேறி, மேட்டுக்குப் போய் 999ஐ அழைப்போமாக.

சரக்கை மறுபடி வாங்கலாம். உயிரை எந்த மண்டியில் வாங்குவோம்?