கண்ணில் தெரியும் குடும்பச் சாயல்

உயிரியல் வகுப்பில் இரத்த ஓட்டம் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தபோது எங்களுள் ஒருத்தி எழுந்து, "சிஸ்டர், பாட்டிக்கும் பிரஷர், அம்மாவுக்கும் பிரஷர். அப்படியானால் எனக்கும் வருமா?" என்று கேட்டாள். வகுப்பே அமைதியாகிவிட்டது. எங்களில் பலருடைய மனத்திலும் அதே கேள்விதான் இருந்தது. விடை தேடி நாங்கள் படித்தறிந்ததை இங்கே தருகிறோம்.

உடலைக் கீறாமல் சிறு இரத்தக் குழாய்களை நேரே காண ஏற்ற இடம் கண்ணின் விழித்திரை. ஜெர்மன் அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851இல் அறிமுகப்படுத்திய கருவி இதற்கு வழி திறந்தது. கண்மணி வழியே ஒளியைச் செலுத்திப் பார்த்தால், ஒரு வெளிர் வட்டத்திலிருந்து செந்நிறக் கிளைகள் மரம்போலப் பிரிந்து செல்வது தெரியும். மெலிந்து பளிச்சென்று இருப்பவை தமனிகள். சற்றுப் பருத்துக் கருஞ்சிவப்பாக இருப்பவை சிரைகள். கையில் பட்டை சுற்றி அழுத்தம் அளக்கும் வழக்கம் பரவுவதற்கு முன்பே, 1890களில், இலண்டன் கண் மருத்துவர் மார்க்கஸ் கன் தடித்த தமனிகள் தம்மைக் கடக்கும் சிரைகளை அமுக்குவதைக் கண்டு எழுதினார். அந்த அடையாளம் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

குழாய் சிறிது சுருங்கினால் என்ன கேடு என்று நினைக்க வேண்டாம். ஆரம் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே இரத்த ஓட்டத்துக்கு உண்டாகும் தடை ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிவிடும். கணக்கில் ஆர்வமுள்ள தோழியர் 0.9இன் நான்காம் அடுக்கைக் கண்டு, 1ஐ அதனால் வகுத்துப் பார்க்கலாம்.

அழுத்தம் மிகுவதால் தமனி சுருங்குகிறது என்பது பழைய பாடம். ஆனால் அமெரிக்காவின் பீவர் டாம் என்னும் ஊரில் நடந்த ஆய்வு 2004இல் வேறொன்றையும் காட்டியது. இரத்தக் கொதிப்பு இல்லாதவர்களிலும், விழித்திரைத் தமனிகள் குறுகலாக இருந்தோருக்கே அடுத்த பத்தாண்டுகளில் அது வரும் வாய்ப்பு மிகுதியாக இருந்தது. அப்படியானால் முன்னரே அவற்றைக் குறுகலாக்கியது எது?

இங்கேதான் இரட்டையர் உதவுகின்றனர். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருக்கு மரபணுக்கள் ஏறக்குறைய முழுவதும் ஒன்றே. மற்ற இரட்டையருக்குச் சராசரியாகப் பாதியே பொது. முதல் வகையாரின் குழாய்கள் கூடுதலாக ஒத்திருந்தால் அதில் மரபின் பங்கு உண்டு என்று அறியலாம். டென்மார்க்கில் 20 முதல் 46 வயது வரையுள்ள நலமான இரட்டையரை ஆராய்ந்து 2006இல் வெளியிட்ட முடிவின்படி, தமனிகளின் அகலத்தில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் சுமார் 70 விழுக்காடும், சிரைகளில் 83 விழுக்காடும், இரத்த அழுத்தத்தில் 61 விழுக்காடும் மரபைச் சார்ந்தவை.

இவ்வெண்களைப் பலர் தவறாகப் படிக்கிறார்கள். நாங்களும் முதலில் அப்படித்தான் படித்தோம். 'எனக்குப் பிரஷர் வர 61 விழுக்காடு வாய்ப்பு' என்பது இதன் பொருளன்று. ஒரு கூட்டத்தில் மனிதருக்கு மனிதர் உள்ள வேறுபாட்டையே இவை பேசுகின்றன. ஒருத்தியின் எதிர்காலத்தை இவை சொல்லமாட்டா.

இதற்கென்று ஒரே ஒரு மரபணுவும் இல்லை. 15,000 பேருக்கு மேற்பட்டோரை ஆராய்ந்து 2010இல் வெளியான ஓர் ஆய்வு, விழித்திரைச் சிரைகளின் அகலத்தோடு தொடர்புடைய நான்கு இடங்களைக் குரோமோசோம்களில் கண்டது. அவற்றுள் 12ஆம் குரோமோசோமில் உள்ள இடம் இரத்தக் கொதிப்போடும் தொடர்புடையது. ஒவ்வோர் இடத்தின் பங்கும் சிறிதே.

ஆகவே எங்கள் தோழிக்குக் கிடைத்த விடை: வாய்ப்பு மற்றவரைவிடக் கூடுதல், உறுதி இல்லை. இரத்தக் கொதிப்பு பெரும்பாலும் வலியோ அறிகுறியோ காட்டாது. கண்ணைப் பார்ப்பது மட்டும் போதாது, அழுத்தத்தை அளந்தே அறிய வேண்டும். உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அப்பளம், ஊறுகாய், கருவாடு ஆகியவற்றில் உள்ள உப்பும் இந்தக் கணக்கில் சேரும்.

தோழி அன்று மாலையே ஊறுகாய் ஜாடியை மேல் தட்டுக்கு ஏற்றிவிட்டாள். பாட்டிக்கு இன்னும் கோபம் தணியவில்லையாம்.