கூரைநீர்

2015-ஆம் ஆண்டிற் பெருவெள்ளத்தில் மூழ்கிய சென்னை, 2019-இல் ஏரிகள் வறண்டு தண்ணீர் லாரியை எதிர்நோக்கி நின்றது. பெய்தபோது காவாதார் வறண்டபோது வருந்துவர் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

ஒரு சதுர மீட்டர்ப் பரப்பில் 1 மில்லிமீட்டர் மழை பெய்யின், அது 1 லிட்டர் நீராம். ஆகவே, 40 சதுர மீட்டர்க் கூரையில் 10 மில்லிமீட்டர் பெய்யின் ஏறக்குறைய 400 லிட்டர் கிட்டும். 200 லிட்டர்ப் பீப்பாய் இரண்டு ஒரே மழையில் நிறையும்.

முதல் நீர் தூசியையும் பறவையெச்சத்தையும் கழுவி வருதலின், அதனைப் புறத்தே போக்குக. பீப்பாயின் வாயை நெருங்கிய வலையால் மூடுக. இன்றேல் டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு அக்கலத்திலேயே முட்டையிடும். இந்நீர் செடிகட்கும் கழுவுதற்கும் ஆம், பருகுதற்கு ஆகாது.

நண்பர்காள்! பீப்பாய் சிறிது, மழையோ பெரிது. ஆதலின், நிரம்பி வழிவதைக் கிணற்றருகே கல்லும் மணலும் இட்ட குழியிற் செலுத்துக. கலத்து நீர் சில நாட்களுக்கு. நிலத்து நீர் கோடைக்கு.